காயம் கேட்காத சட்டம், கைக்கு வராத ஜீவனாம்சம்

மகள் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "அடிச்சானா?" என்பதுதான். ஆமாம் என்றால் பெரியப்பாவும் தாய்மாமனும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பேசப் போவார்கள். இல்லை என்றால், "அப்புறம் என்ன கண்ணு, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று இரண்டாம் நாளே பஸ் ஏற்றிவிடுவார்கள். அவளுடைய ஏ.டி.எம். கார்டு மாமியார் கையில் இருப்பது, ராத்திரியானால் அவள் போனை வாங்கிச் சோதிப்பது, மாதக்கணக்கில் கணவன் முகம்கொடுத்துப் பேசாமல் இருப்பது, "உங்கப்பன் என்னத்தைப் போட்டு அனுப்புனான்" என்ற வார்த்தை சோற்றோடு சேர்ந்தே பரிமாறப்படுவது, இவை எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாலும், காயத்தைப் பதிந்த ஆஸ்பத்திரித் தாள் எங்கே என்று அதே கேள்வி வேறு சொற்களில் வரும்: "ஜி.ஹெச்.ல காட்டி ஏ.ஆர். காப்பி வாங்குனியாம்மா?"

சட்டம் இந்தக் கேள்வியைக் கைவிட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. விவாகரத்து கேட்க உடம்பில் காயம் வேண்டியதில்லை. அந்த அளவுக்குச் சட்டம் நெடுந்தூரம் வந்துவிட்டது. ஆனால், வெளியே வந்தவள் அடுத்த மாத வாடகையை எதில் கொடுப்பாள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்ற இடத்தில் அது தயங்கி நிற்கிறது. ஜீவனாம்சத்தை இழுத்தடிப்பது, வீட்டுக்குள் நடந்த கொடுமையை நீதிமன்றத்தின் வழியாகத் தொடர்வதுதான் என்று நான் நினைக்கிறேன். நம் குடும்ப நல நீதிமன்றங்கள் அதை அப்படிப் பார்க்கத் தொடங்கவேண்டும்.

தமிழகத்தில் இது யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அகில இந்திய அளவில் இது 29.3 சதவீதம். அதுவும் உடல், பாலியல் வன்முறைக் கணக்கு மட்டும். பேசாமல் கொன்ற கணக்கு இதில் சேரவில்லை.

மதத்துக்கு ஒரு கொடுமை

1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, விவாகரத்துக்கான காரணங்களின் வரிசையில் கொடுமை இல்லவே இல்லை. கொடுமைக்கு ஆளானவர் சட்டப்படி பிரிந்து வாழ அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். அதற்கும், இனி சேர்ந்து வாழ்ந்தால் தனக்குத் தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சம் இருப்பதைக் காட்டவேண்டும். 1976-இல் செய்த திருத்தம்தான் 13-ஆவது பிரிவில் கொடுமையை விவாகரத்துக்கான காரணமாகச் சேர்த்தது. அச்சம், தீங்கு என்ற நிபந்தனைகளும் அப்போது கழன்றுகொண்டன. "கொடுமையாக நடத்தினார்" என்பதே போதும் என்றானது. கொடுமை என்றால் என்ன என்று வரையறுக்காமல் விட்டார்கள். அது நல்லதாகப் போயிற்று. மனிதர் மனிதரை வதைக்கும் வழிகளுக்குப் பட்டியல் போட்டு முடியாது.

கிறிஸ்தவப் பெண்களின் நிலை இதைவிட மோசம். 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, மனைவி வேறொருவரோடு உறவு வைத்தாள் என்று காட்டினாலே கணவனுக்கு விவாகரத்து உண்டு. மனைவி கேட்டால் அது போதாது. கணவனின் தகாத உறவையும் நிரூபிக்கவேண்டும், அதோடு அவன் கொடுமை செய்தான் என்றோ கைவிட்டுப் போனான் என்றோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். வெறும் கொடுமைக்கு விவாகரத்து கிடையாது. வழக்கு நடக்கும் காலத்தில் அவளுக்குத் தரும் ஜீவனாம்சமும் கணவனின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் சில வரிகளை வெட்டி எறிந்தது. நாடாளுமன்றம் விழித்துத் திருத்தம் கொண்டுவந்தது 2001-இல். தூத்துக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் மோதிரம் மாற்றிக்கொண்ட பெண்கள் 132 வருடம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தார்கள்.

கொடுமைக்கு இலக்கணம் எழுதியதில் முந்திக்கொண்டது 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். உடல்ரீதியான துன்புறுத்தலாக இல்லாவிட்டாலும், நடத்தையால் அவள் வாழ்க்கையைத் துயரமாக்கினால் அது கொடுமை என்று அது சொல்கிறது. அவளுடைய சொத்தை விற்றுவிடுவதும், அந்தச் சொத்தின் மீதுள்ள உரிமையை அவள் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் கொடுமை. அவளுடைய வழிபாட்டில் குறுக்கிடுவது கொடுமை. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்து, இவளைச் சமமாக நடத்தாவிட்டால் அதுவும் கொடுமை. இரண்டு வருடம் ஜீவனாம்சம் கொடுக்காமல் விட்டால் அது விவாகரத்துக்குத் தனிக் காரணம். கணவன் சோறு போடாததையே திருமண முறிவுக்குப் போதுமான காரணமாக ஏற்றுக்கொண்ட சட்டம் அது. முஸ்லிம் பெண்ணின் விவாகரத்து என்றாலே முத்தலாக்கைப் பற்றி மட்டும் பேசும் நாம், அவளாக நீதிமன்றத்துக்குப் போய் விடுதலை கேட்கும் இந்த வழியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தமிழ் மண்ணுக்கும் இது புதிய பேச்சல்ல. பஞ்சாயத்தார் முன்னிலையில் துரும்பு கிள்ளிப் போட்டு உறவை முறித்துக்கொள்ளும் வழக்கம் சில சமூகங்களில் இருந்தது. இத்தகைய சமூக வழக்கத்தின்படி நடக்கும் விவாகரத்தை 1955 சட்டமும் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு விவாகரத்து உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. டெல்லி சட்டம் இயற்றுவதற்கு ஆறு வருடம் முன்பே, 1949-இல், சென்னை மாகாணம் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் போட்டுவிட்டது.

மிளகாய்ப்பொடியும் தாலிச் சங்கிலியும்

கொடுமை என்றால் என்ன என்று இந்திய நீதிமன்றங்கள் இன்றும் புரட்டிப் பார்க்கும் அடிப்படைத் தீர்ப்பு ஒரு கணவன் தொடுத்த வழக்கில் வந்தது. 1975 மார்ச் மாதம், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் எழுதியது. வழக்கு புனேயில் தொடங்கியது. வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டுவது, மங்கலசூத்திரத்தை அறுத்து எறிவது, கணவன் வரும் நேரத்தில் வீட்டைப் பூட்டிவைப்பது, பச்சைக் குழந்தையின் நாக்கில் மிளகாய்ப்பொடியைத் தடவுவது என்று மனைவி மீது புகார்கள். இதெல்லாம் கொடுமைதான் என்று நீதிமன்றம் ஏற்றது. கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக் கூடும் என்று தோன்றுகிறதோ அந்த அளவுக்குச் சாட்சியம் போதும் என்ற விதியையும் வகுத்தது.

ஆனாலும் கணவன் தோற்றார். அந்தக் கொடுமைகளுக்குப் பிறகும் அவர் மனைவியோடு தாம்பத்தியம் நடத்தியிருக்கிறார். எனவே அவற்றை மன்னித்துவிட்டார் என்றது நீதிமன்றம். இந்த 'மன்னிப்பு' விதி இன்றும் சட்டத்தில் இருக்கிறது. நம் குடும்பங்களில் இதன் பாரம் பெண்ணின் மேல்தான் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் பெரியவர்கள் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். பின்னால் அவள் வழக்குப் போடும்போது, "நீதான் 2019-ல் சமாதானமாகித் திரும்பப் போனாயே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். இந்த இடத்தில் அவள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மன்னிப்பு நிபந்தனையோடு கூடியது. கொடுமை மறுபடி தலைதூக்கினால் பழைய கொடுமைகளும் சேர்ந்து உயிர் பெறும். அதையும் அதே தீர்ப்புதான் சொல்கிறது.

அதற்குப் பிறகு வட்டம் விரிந்துகொண்டே போனது. வரதட்சணை கேட்பதே கொடுமை. துன்புறுத்தும் எண்ணத்தோடுதான் செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை என்று எண்பதுகளின் இறுதியில் சொன்னார்கள். 1993-இல் ஒரு தீர்ப்பு, வழக்கில் தாக்கல் செய்த பதில் மனுவையே கொடுமைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. எதிர்த்தரப்பு மனநோயாளி, நடத்தை கெட்டவள் என்று ஆதாரமில்லாமல் எழுதினால், அந்தக் காகிதமே எழுதியவருக்கு எதிராகத் திரும்பும். விவாகரத்து மனுவில் சேற்றை வாரி இறைத்தால்தான் கேஸ் நிற்கும் என்று நம்பும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். 2007-இல் நீதிபதி தல்வீர் பண்டாரி எழுதிய தீர்ப்பு, மேற்கு வங்கத்தைச் சேர்ந்த இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் திருமணத்தைப் பற்றியது. பதினாறு வருடத்துக்கும் மேலாகப் பிரிந்து கிடந்த அந்தத் தம்பதிக்கு விடுதலை கொடுத்தபோது, மனக்கொடுமை எந்தெந்த உருவத்தில் வரலாம் என்று நீதிமன்றம் ஒரு வரிசையே கொடுத்தது. தொடர்ந்த அலட்சியம், காரணமில்லாமல் தாம்பத்தியத்தை மறுப்பது, ஒருவர் தன்னிச்சையாகக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பது, உயிரில்லாத திருமணத்தை வீம்புக்குப் பிடித்துவைத்திருப்பது. வழக்கமான சண்டை சச்சரவு கொடுமை ஆகாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2013-இல், பொய்ப் புகார் கொடுத்து அலைக்கழிப்பதும் மனக்கொடுமை என்று சேர்ந்தது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2022 ஜூலையில், ஈரோட்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு விவாகரத்து கொடுத்தபோது, பிரிந்திருந்த மனைவி தாலிச் சங்கிலியைக் கழற்றியது உச்சபட்ச மனக்கொடுமை என்றது ஒரு அமர்வு. சங்கிலியைத்தான் கழற்றினேன், தாலியை வைத்திருக்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். கணவருக்குச் சக ஊழியர்களோடு தொடர்பு என்று அவருடைய வேலை இடத்திலேயே போய்ப் பேசிய விவகாரமும் அந்த வழக்கில் இருந்தது. என்னைக் கேட்டால் விவாகரத்துக்கு அந்த ஒன்றே போதுமானது. கழுத்தில் கிடக்கும் நகையை வைத்து ஒரு பெண்ணின் மனதை அளக்கும் வேலை நீதிமன்றத்துக்கு வேண்டாத வேலை. மணமான ஆண் தன் கல்யாணத்துக்கு அடையாளமாக எதையும் சுமப்பதில்லை. கழற்றினான் என்று அவன் மீது யாரும் வழக்குப் போடவும் முடியாது.

ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து, 2025 மார்ச்சில், மதுரைக் கிளையில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், ஆர்.பூர்ணிமா அமர்வு வேறு திசையில் நடந்தது. கரூரைச் சேர்ந்த கணவர், மனைவி ஆபாசப் படம் பார்க்கிறார், சுய இன்பம் காண்கிறார் என்று சொல்லி விவாகரத்து கேட்டார். தனிமையில் அவர் செய்வது கணவருக்குச் செய்த கொடுமை ஆகாது, மணமாகிவிட்டதால் ஒரு பெண் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரே உயர் நீதிமன்றம், ஒரே சட்டப் பிரிவு. எந்த நீதிபதி முன்னால் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்துக் கொடுமையின் எல்லை மாறுவது பெண்ணுக்கும் ஆபத்து, ஆணுக்கும் ஆபத்து.

"சாட்சி யாரும்மா?"

வீட்டுக்குள் நடப்பதற்குச் சாட்சி வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் இன்று சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பது செல்போன். வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, வங்கிக் கணக்கு விவரம். கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் எடுத்த பதிவைச் சாட்சியமாக வைக்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் இரண்டுபட்டு நின்றன. மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவன் திருட்டுத்தனமாக எடுத்துத் தாக்கல் செய்ததை மதுரைக் கிளை 2024-இல் ஏற்க மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தம்பதிக்குள் வழக்கு நடக்கும்போது ரகசியமாகப் பதிவுசெய்த பேச்சையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது.

இந்தத் தீர்ப்பு எனக்கு முழு நிம்மதி தரவில்லை. ஒரு பக்கம், கதவுக்குப் பின்னால் கேட்ட வசைகளுக்கு இதைவிட்டால் வேறு சாட்சியே இல்லை. இன்னொரு பக்கம், வீட்டில் நல்ல போனும் அதை இயக்கும் தெம்பும் பெரும்பாலும் யாரிடம் இருக்கிறது? போனையே பிடுங்கிவைத்துக்கொள்ளும் வீட்டில் பதிவு செய்யப்போவது அவள் இல்லை. ஆகவே இன்னமும் பழைய வழிகளைத்தான் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு எழுதிய கடிதம், தோழிக்கு அனுப்பிய செய்தி, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது, மனநல மருத்துவரின் சீட்டு, நகையை அடகு வைத்த ரசீது. தேதி போட்ட ஒவ்வொரு தாளும் கணக்கு. தேதி இல்லாத கண்ணீரை நீதிமன்றக் கோப்பில் சேர்க்க வழியில்லை.

நிரூபித்தவருக்குத் தரும் பரிசா?

நிறைய பேர் நம்பும் ஒரு தவறு இங்கேதான் தொடங்குகிறது. கொடுமையை நிரூபித்தால்தான் ஜீவனாம்சம், நிரூபிக்காவிட்டால் இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜீவனாம்சம் தோற்றவருக்குப் போடும் அபராதமும் அல்ல, ஜெயித்தவருக்குத் தரும் பரிசும் அல்ல. அது வருமானத்தையும் தேவையையும் பார்த்து முடிவாகிற தனிக் கணக்கு. வழக்கு தொடங்கியதுமே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். அப்போது கொடுமை நடந்ததா என்ற விசாரணைகூடத் தொடங்கியிருக்காது. விவாகரத்துத் தீர்ப்போடு 25-ஆவது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம். மனைவிதான் கொடுமை செய்தாள் என்று கணவனுக்கு விவாகரத்து கிடைத்த வழக்கிலும் அவளுக்கு ஜீவனாம்சம் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு பிரிவுகளுமே கணவனுக்கும் பொருந்தும். சம்பாதிக்கிற மனைவியிடம் சம்பாதிக்க இயலாத கணவன் கேட்கலாம்.

விவாகரத்தே வேண்டாம், பிள்ளைகளுக்காகப் பிரிந்து மட்டும் இருக்கிறேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று நம் அம்மாக்கள் காலத்திலிருந்து கேட்டுப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பணமும் கேட்கலாம், குடியிருந்த வீட்டிலேயே தங்கும் உரிமையையும் கேட்கலாம். அந்தச் சட்டம் பொருளாதார வன்முறை என்பதற்குத் தனி இடம் கொடுத்தது. ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைப்பது இப்போது சட்டத்தில் பெயருள்ள குற்றச்சாட்டு.

125-ஆவது பிரிவின் பழைய கதையை ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். அதில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க உத்தரவிட முடியாது என்ற உச்சவரம்பு 2001 வரை இருந்தது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானோ 62 வயதில் விவாகரத்து செய்யப்பட்டபோது, 1979-இல் மாஜிஸ்திரேட் அவருக்குப் போட்ட தொகை மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது நாடே கொந்தளித்தது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கென்று மறுவருடம் வந்த தனிச் சட்டம், அரசியல், எல்லாம் நாம் அறிந்ததுதான். மாதம் 179 ரூபாய்க்காக ஒரு மூதாட்டி உச்ச நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டார் என்பதை மட்டும் அந்த இரைச்சலில் மறந்துவிட்டோம். அந்தச் சட்டத்துக்குப் பிறகும் முஸ்லிம் பெண் 125-ஆவது பிரிவில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் அறுதியிட்டது 2024 ஜூலையில்.

எவ்வளவு கிடைக்கும்? "மூணுல ஒரு பங்கு" என்று நீதிமன்ற வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். அப்படி ஒரு விதி சட்டப் புத்தகத்தில் இல்லை. கையில் வாங்கும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதையும் எல்லா வழக்குக்கும் அளவுகோலாக வைக்க முடியாது. திருமணம் எத்தனை வருடம் நீடித்தது, குடும்பத்துக்காக அவள் வேலையை விட்டாளா, பிள்ளைகள் யாரிடம், எந்த வசதியில் வாழ்ந்தாள், அவனுடைய கடன் என்ன, அவனை நம்பி இன்னும் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்கவேண்டும். "பி.இ. படிச்சவதானே, வேலைக்குப் போகட்டும்" என்ற வாதம் தினமும் வரும். சம்பாதிக்கத் தகுதி இருப்பது வேறு, சம்பாதிப்பது வேறு என்று அதே 2017-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. கல்யாணமான ஆறாம் மாதம் வேலையை விடச் சொல்லி, பதினோராம் வருடம் "உனக்கென்ன, படிச்சவதானே" என்று கேட்பதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன இருக்கிறது?

அறுபது நாள்

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று 2001-இலிருந்து சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எந்தக் குடும்ப நல நீதிமன்றத்திலாவது போய் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இந்த அறுபது நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதல் வாய்தாவில் எதிர்மனுதாரர் நோட்டீஸ் வாங்கியிருக்க மாட்டார். அடுத்ததில் வக்காலத்து போட அவகாசம் கேட்பார். பிறகு கவுன்சலிங், பிறகு சமரச மையம், பிறகு பதில் மனுவுக்கு இன்னொரு வாய்தா, நடுவில் கோடை விடுமுறை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடவேண்டும், பஸ்ஸுக்குக் காசு தேடவேண்டும்.

2020 நவம்பர் 4-ஆம் தேதி நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதிய தீர்ப்பு இந்த நோயை நேராகப் பார்த்தது. நாக்பூர் குடும்ப நல நீதிமன்றம் 2015-இல் மனைவிக்கு மாதம் 15,000 ரூபாய், மகனுக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாய் என்று போட்ட இடைக்கால உத்தரவு. அது ஐந்து வருடம் கழித்து உச்ச நீதிமன்றத்தின் மேசையில் கிடந்தது. இந்த வழக்கை வைத்துத்தான் நாடு முழுக்கப் பொருந்தும் விதிகளை வகுத்தார்கள். இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். அதிகபட்சம் நான்கு வாரம். அது வந்த பிறகு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இடைக்கால உத்தரவு. எந்தச் சட்டத்தில் கேட்டாலும், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். கடைசி விதிதான் மிகப் பெரியது. அதற்கு முன்பு உத்தரவு நாளிலிருந்து கொடுத்தால் போதும் என்று பல நீதிமன்றங்கள் விட்டுவிடும். எத்தனை மாதம் இழுத்தாரோ அத்தனை மாதமும் எதிர்மனுதாரருக்கு லாபம்.

சட்டம் அறுபது நாள் என்கிறது, உச்ச நீதிமன்றம் ஆறு மாதம் என்று தளர்த்திக்கொடுக்கிறது, நடைமுறையில் அந்த ஆறு மாதமும் கனவாக இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில்தான் பேரம் நடக்கிறது. "எல்லா கேஸையும் வாபஸ் வாங்கு, சீர்வரிசையைத் திருப்பித் தர்றோம், மியூச்சுவல்ல கையெழுத்துப் போடு, மெயின்டனன்ஸ் கேட்காதே." கையில் காசில்லாதவள் போடுகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிலும் சீர்வரிசையும் நகையும் சட்டப்படி அவளுடைய ஸ்ரீதனம். அவளுடையதை அவளிடம் கொடுப்பதற்கு அவள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உத்தரவு வந்த பிறகும் முடிவதில்லை. பணம் வராவிட்டால் பாக்கியை வசூலிக்கத் தனி மனு. 144-ஆவது பிரிவில் நிலுவையை வசூலிக்க வாரண்ட் கேட்கலாம், கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் தொகை கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டாகவேண்டும். "அவரே கொடுத்துடறேன்னு சொல்லியிருக்கார்" என்று காத்திருந்து இந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இதைப் படிக்கிறவர்களில் ஒருத்தராவது இன்று காலண்டரை எடுத்துப் பார்த்தால் நல்லது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்குப் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் அழைத்தாலே போதும்.

ஆண்களின் குரல்

2024 டிசம்பரில் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியர், மனைவி தரப்பு போட்ட வழக்குகளையும் ஜீவனாம்சக் கோரிக்கையையும் காரணமாகச் சொல்லி உயிரை விட்டார். நாடெங்கும் ஜீவனாம்சம் என்றாலே பணம் பறிக்கும் வேலை என்ற பேச்சு எழுந்தது. அந்த மரணம் துயரமானது. பொய் வழக்கு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை யாரும் சிறுமைப்படுத்தக்கூடாது. அதனால்தான் பொய்ப் புகாரே கொடுமை என்று 2013-இலேயே தீர்ப்பு வந்தது. அந்த 2024 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 5 கோடி, இன்னொரு வழக்கில் 12 கோடி நிரந்தர ஜீவனாம்சம் கொடுத்து உத்தரவிட்டது. 12 கோடி வழக்கில், முன்னாள் கணவனின் செல்வத்துக்குச் சமமாக மனைவியின் செல்வத்தை உயர்த்துவது ஜீவனாம்சத்தின் நோக்கம் இல்லை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். செய்தியாவது கோடிகள்தான். நம் மாவட்ட நீதிமன்றங்களில் பெண்கள் கேட்டு நிற்பது சில ஆயிரங்கள். அந்தக் கோடியைக் காட்டி இந்த ஆயிரத்தை மறுப்பது நியாயமில்லை.

விரைவான உத்தரவு ஆணுக்கும் நன்மைதான். எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டால், ஐந்து வருட நிலுவை லட்சக்கணக்கில் தலையில் விழாது. வருமானத்தை மறைக்காத ஆணுக்குப் பிரமாணப் பத்திரத்தால் ஒரு பயமும் இல்லை. மனைவியும் தன் சம்பளத்தை அதே பத்திரத்தில் சொல்லியாகவேண்டும். மறைத்தால் அவளுக்கும் தண்டனை உண்டு.

கொடுமை என்ற சொல்லுக்குள் இவ்வளவு விரிவாக அர்த்தம் சேர்த்துவிட்ட நீதிமன்றங்கள் இன்னும் ஒரு அடி எடுத்துவைக்கலாம். வசதி இருந்தும் இடைக்கால ஜீவனாம்சத்தைத் தராமல் வாய்தா வாய்தாவாக இழுப்பதையும், வருமானத்தை மறைத்துப் பத்திரம் போடுவதையும் முதன்மை வழக்கிலேயே கொடுமைக்கான சாட்சியமாக எடுத்துக்கொள்ளவேண்டும். பதில் மனுவில் எழுதிய அவதூறையே கொடுமை என்று 1993-இல் ஏற்றுக்கொள்ள முடிந்தது என்றால், இதை ஏற்பதற்கும் தடையில்லை. கூடவே, அறுபது நாளைக் கடந்தும் முடியாத இடைக்கால ஜீவனாம்ச மனுக்களின் வழக்கு எண்களை ஒவ்வொரு மாதமும் குடும்ப நல நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பவேண்டும். அதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.